எந்திரி தம்பி... அலை வந்துருச்சு!

பாஸ், ஒரு நிமிஷம். நீங்க போட்டிருக்கிற டி-ஷர்ட்டோட கழுத்துப்பட்டியைத் திருப்பி லேபிளைப் பாருங்க. எந்த பிராண்டா இருந்தாலும் சரி, அது எங்க ஊர்ப்பக்கம் தைச்சதா இருக்க நல்ல சான்ஸ் இருக்கு. நான் மங்கலம். திருப்பூர்ல டவுன் பஸ் ஏறினா, மேற்கே அரை மணி நேரத்துல வந்துடற ஊர். ஒரு பக்கம் விசைத்தறி, இன்னொரு பக்கம் பனியன் கம்பெனி. ராத்திரி தறிச் சத்தம் கேட்டாத்தான் எங்களுக்குத் தூக்கமே வரும். கரன்ட் போய் சத்தம் நின்னுச்சுன்னா ஊரே எழுந்து உட்கார்ந்துக்கும்.

இப்படி ஒரு ஊர்க்காரன் கடல் அலை மேல ஏறி நிக்கறதைப் பத்தி எழுதினா சிரிப்பு வருதுல்ல? சிரிங்க. எங்க வீட்லயும் அதான் பண்ணாங்க. அம்மாவைத் தவிர. அம்மா அழுதாங்க. அதுக்கு அப்புறம் வர்றேன்.

ஆரம்பிச்சது செக்கிங் டேபிள்ல. காலேஜ் செலவுக்காக ஞாயித்துக்கிழமை ஒரு கம்பெனிக்கு செக்கிங் வேலைக்குப் போவேன். பீஸைத் திருப்பணும், தையல் விட்டிருக்கா, ஓட்டை இருக்கா, ஆயில் கறை இருக்கான்னு பார்க்கணும், ஓரமா அடுக்கணும். காட்டன் பார்த்துப் பார்த்து மரத்துப்போன கைக்கு ஒரு நாள் வேற மாதிரி ஒரு பீஸ் வந்துச்சு. முழுக்கை. கழுத்து டைட். தொட்டா மீன் மாதிரி வழுக்குது. பாலியஸ்டர்ல எலாஸ்டேன் கலந்த துணி. எல்லாத் தையலும் ஃப்ளாட்லாக், உள்பக்கம் விரலால தடவினா ஒரு மேடுகூட இல்லை. 'என்னண்ணா இது, ஜிம்முக்கா?'ன்னு சூப்பர்வைசர் அண்ணன்கிட்ட கேட்டேன்.

"வெள்ளைக்காரன் கடல்ல பலகை மேல ஏறி நிப்பானாமா. பலகை நெஞ்சுல ராவி ராவிப் புண்ணாகும்ல, அதுக்குப் போடறதுங் கண்ணு. ராஷ் கார்டுன்னு பேரு. நீ தையலைப் பாரு."

தையலைப் பார்த்தேன். ஆனா மனசு பலகை மேல போயிடுச்சு.

வெள்ளைக்காரன்னு அண்ணன் சொன்னதுல பாதிதான் சரின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. சர்ஃபிங்ங்கற விளையாட்டு ஹவாய் தீவுக்காரங்களோடது, ஒத்துக்கறேன். ஆனா 'சர்ஃப்'ங்கற ஆங்கில வார்த்தையோட வரலாற்றைத் தேடிப் பாருங்க. 1600-கள்ல அது முதல்ல புழங்கினதே இந்தியக் கடற்கரையில உடையற அலையைச் சொல்றதுக்குத்தான்னு அகராதிகள் சொல்லுது. காரணம் இருக்கு. மெட்ராஸ்ல அப்போ துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்துல நிக்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகுல ஏறி, உடையற அலையைத் தாண்டித்தான் கரைக்கு வரணும். ஆணியே அடிக்காம, பலகையைக் கயித்தால தைச்ச படகு. அலை அடிச்சா உடையாம வளைஞ்சு கொடுக்கும். 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில துறைமுகம் எழும்பற வரைக்கும் துரைமாருங்க அத்தனை பேரும் நம்ம மீனவர்கள் கையைப் பிடிச்சுத்தான் கரை ஏறியிருக்காங்க. கட்டுமரம்ங்கற நம்ம வார்த்தைதான் அவங்க வாயில 'கேட்டமரான்' ஆச்சு. நாலு மரத்துண்டைக் கட்டி, அதுமேல நின்னுகிட்டே அலையைத் தாண்டினவங்களுக்கு பலகை மேல நிக்கறது புதுசா என்ன?

இது எனக்குத் தெரிஞ்சதும் ஒரு தைரியம். 'நம்ம சரக்குதானே மச்சி'ன்னு. தப்பான தைரியம். அது கடற்கரைக்காரங்க சரக்கு, மங்கலத்துக்காரனோடது இல்ல.

எங்க போறது? மேற்கே பாலக்காடு தாண்டினா கேரளக் கடல் கிட்டதான். ஆனா என் பெரியப்பா பையன், அண்ணன், சென்னையில ஓ.எம்.ஆர். பக்கம் சாஃப்ட்வேர் கம்பெனியில இருக்கான். தங்கற செலவு மிச்சம். அங்கிருந்து கொஞ்ச தூரத்துல கோவளம். கேரளாவில ஒரு கோவளம் இருக்கே, அது வேற. இது கிழக்குக் கடற்கரைச் சாலையில, சென்னையில இருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர்ல இருக்கற மீனவர் ஊர்.

இந்த ஊரைப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். ஒரு காலத்துல ஆற்காடு நவாப் காலத்துத் துறைமுகம். இங்க இருந்த கோட்டையை 1752-ல ராபர்ட் கிளைவ் பிடிச்சார். இன்னைக்குப் போனா ஒரே பார்வையில மாதா கோயில், தர்கா, கரையில ஏத்தி வச்ச ஃபைபர் போட்டு, வலை பின்னற ஆளுங்க, நடுவுல கலர் கலரா பலகை. இந்தப் பலகை வந்த கதைதான் சூப்பர். மூர்த்தி மேகவன்னு இதே ஊர் மீனவர். உடைஞ்ச மரப்பலகையில அலை ஏறி விளையாடின பையன், நெஜ சர்ஃப் போர்டு கையில கிடைச்சதும் தானாவே கத்துக்கிட்டார். 2012-ல தொழிலதிபர் அருண் வாசு துணையோட இங்க சர்ஃப் பள்ளி ஆரம்பிச்சார். குடி கூடாது, சிகரெட் கூடாது, அலை மட்டும்தான்ங்கறது அவர் ஊர்ப் பசங்களுக்குப் போட்ட கண்டிஷன். அடுத்த வருஷத்துல இருந்து இங்க நடந்த சர்ஃப் விழாவுக்கு நம்ம ஜான்டி ரோட்ஸ்கூட வந்து பலகை ஏறியிருக்கார். ஃபீல்டிங்ல பறந்த மனுஷன், அலையில எப்படி இருந்திருப்பார்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. 2021-ல கோவளம் பீச்சுக்கு நீலக் கொடிச் சான்றிதழும் கிடைச்சுது.

சரி, என் கதைக்கு வர்றேன். அது ஒரு மார்ச் மாசம். அம்மாகிட்ட 'சென்னையில ஒரு இன்டர்வியூ'ன்னு சொல்லிட்டேன். ஏன்னா 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் அம்மாவுக்கு கடல்னா டி.வி.யில பார்த்த சுனாமி மட்டும்தான். ராமேஸ்வரம் போனப்போகூட முழங்கால் தண்ணிக்கு மேல இறங்காம, கையால மொண்டு தலையில தெளிச்சுக்கிட்டு வந்தவங்க.

ராத்திரி திருப்பூர்ல ரயில் ஏறி, காலையில சென்ட்ரல்ல இறங்கி, எதிர்ல பூங்கா நகர்ல பறக்கும் ரயில் பிடிச்சு திருவான்மியூர். அங்கிருந்து மாமல்லபுரம் போற பஸ்ல ஏறி கோவளம். ஒரு சர்ஃப் ஸ்கூல்ல போய் நின்னேன். ஃபாரம் ஒண்ணு கொடுத்தாங்க. பேர், வயசு, வீட்டு நம்பர், உடம்புக்கு ஏதாவது பிரச்னை உண்டா, அப்புறம் ஒரு கேள்வி: நீச்சல் தெரியுமா?

பேனா ஒரு செகண்ட் நின்னுச்சு. 'தெரியும்'னு டிக் அடிச்சேன்.

நீங்களும் அடிச்சிருப்பீங்க. ரெண்டு ஞாயித்துக்கிழமைக் கூலியைக் கையில வச்சுக்கிட்டு, ராத்திரி முழுக்க அன்ரிசர்வ்டுல கதவோரம் உட்கார்ந்து வந்தவன் 'தெரியாது'ன்னா எழுதுவான்?

கோச் அண்ணனுக்கு என் வயசுதான் இருக்கும். மீனவர் வீட்டுப் பையன். மண்ணுலயே பலகையைப் போட்டு பாடம் ஆரம்பிச்சுது. புதுசா வர்றவங்களுக்குத் தர்றது எட்டு, ஒன்பது அடி நீளமான ஃபோம் பலகை. மேல மெத்துனு இருக்கும், தலையில பட்டாலும் மண்டை உடையாது. பலகை பெருசா இருந்தா நல்லா மிதக்கும், ஆடாது. பின்னங்கால் கணுக்கால்ல ஒரு கயிறு, பேரு லீஷ், பலகையோட நம்மளைக் கட்டிவைக்கும். குப்புறப் படுத்து, கையால தண்ணியைத் தள்ளி, அலை பின்னாடி வந்து பலகையைத் தூக்கினதும் ரெண்டு கையையும் நெஞ்சுக்குப் பக்கத்துல ஊன்றி, ஒரே துள்ளல்ல எழுந்து நிக்கணும். முட்டி போடக் கூடாது. பார்வை கால்ல இருக்கக் கூடாது, கரையில இருக்கணும். மண்ணுல இதை இருபது தடவை பண்ணினேன். சூப்பரா வந்துச்சு. கரையில எல்லாருமே சாம்பியன்தான்.

தண்ணிக்குள்ள போனோம். இடுப்பளவு. நான் போட்டிருந்தது எது தெரியுமா? காட்டன் டி-ஷர்ட். வாரா வாரம் ராஷ் கார்டு செக் பண்ற மடையன், சொந்த உடம்புக்கு காட்டன் போட்டுக்கிட்டுப் போயிருக்கேன். காட்டன் தண்ணியைக் குடிச்சு குடிச்சு கனத்துப்போகும், உடம்புல ஒட்டும், அக்குள்ல ராவும். பத்தே நிமிஷத்துல நெஞ்சு எரிய ஆரம்பிச்சுது. மூணாவது அலையோ நாலாவது அலையோ, பலகையோட மூக்கு தண்ணிக்குள்ள குத்திக்கிச்சு. நான் தலைகீழா.

உள்ள என்ன நடந்துச்சுன்னு சொல்லத் தெரியல. மேல எது, கீழ எதுன்னு புரியல. மூக்கு வழியா உப்புத் தண்ணி மண்டைக்குள்ள ஏறுது. கால் தரையைத் தேடுது, கிடைக்கல. கத்த வாயைத் திறந்தேன், அதுலயும் தண்ணி. கண்ணுக்குள்ள அம்மா தண்ணி தெளிச்சுக்கிட்டு நிக்கறாங்க. அப்புறம் யாரோ என் டி-ஷர்ட் காலரைப் பிடிச்சு இழுத்து நிமிர்த்தினாங்க. கோச் அண்ணன். நான் ரெண்டு கையாலயும் அவர் கழுத்தைக் கட்டிக்கிட்டேன்.

"விடு தம்பி, விடு. காலை ஊனு."

ஊனினேன். தண்ணி இடுப்புக்குக் கீழ இருந்துச்சு.

கரைக்குக் கூட்டிட்டு வந்து உட்கார வச்சார். திட்டல. "நீச்சல் தெரியும்னு எழுதியிருக்க. அந்தப் பக்கம் அலை இல்லாத இடத்துல பத்தடி நீந்திக் காட்டு"ன்னார். நான் மண்ணைப் பார்த்தேன். "இந்தக் கயிறு அறுந்து, பலகை கரைக்குப் போயிடுச்சுன்னு வை. உள்ள நீ மட்டும் இருப்ப. என்ன பண்ணுவ?"

பதில் இல்லை.

"உன் கிளாஸ் பாதி பாக்கி இருக்கு. நீச்சல் கத்துக்கிட்டு வா, மிச்சத்தை முடிக்கலாம்"னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிட்டார்.

திரும்ப வர்ற ரயில்ல ஒரு கேள்வி குடைஞ்சுகிட்டே இருந்துச்சு. ஊருக்குள்ளயே ஒரு ஆறு ஓடுது, எனக்கு ஏன் நீச்சல் தெரியல?

நொய்யல் எங்க ஊர் வழியாத்தான் போகுது. நல்லம்மன் தடுப்பணை எங்க ஊர்க்கிட்டதான், வெள்ளம் வந்தா அங்க இருக்கற கோயிலைத் தண்ணி சூழ்ந்துக்கும். எங்க அப்புச்சி, அதாவது அம்மாவோட அப்பா, அந்த ஆத்துல குதிச்சு வளர்ந்தவர். எனக்குத் தெரிஞ்ச நொய்யலோ மூக்கைப் பொத்திக்கிட்டு பாலத்துல கடக்கற ஒரு விஷயம். மேற்கே கோவைச் சாக்கடை அதுல கலந்து எங்க ஊருக்கு வரும். கிழக்கே போனா திருப்பூர்ச் சாயம் சேர்ந்துக்கும். சாயத்தண்ணியால ஒரத்துப்பாளையம் அணையே பாழாப்போன கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியேறாம சுத்திகரிக்கற வரைக்கும் சாய ஆலைகளை மூடுன்னு உத்தரவு போட்டப்போ எங்க ஊரே திகைச்சு நின்னுச்சு. வேலை போச்சேன்னு ஒரு பக்கம், ஆறு பிழைக்குமான்னு ஒரு பக்கம். ரெண்டு பக்கத்துலயும் எங்க வீட்டு ஆளுங்க இருந்தாங்க. அப்புறம் சுத்திகரிப்பு நிலையங்கள் சரியாகி ஆலைகள் திறந்துச்சு. ஆனா ஆத்துல இறங்கிக் குளிக்கற பழக்கம் திரும்பி வரல. கிணறுங்களும் போர்வெல் வந்து வத்திப்போச்சு. உங்க கிளாஸ்ல கேட்டுப் பாருங்க, எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்னு. என் கிளாஸ்ல கேட்டேன். கை தூக்கினவங்களை ஒரே பைக்ல ஏத்திடலாம்.

டூர் போன இடத்துல மாணவர்கள் தண்ணியில மூழ்கினாங்கன்னு வருஷா வருஷம் பேப்பர்ல படிக்கறோமே, அந்த நியூஸை இப்போ என்னால தாண்டிப் போக முடியல.

அப்புச்சிகிட்ட உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கல. "பொங்கலூர்ப் பக்கம் உங்க மாமன் தோட்டத்துக் கிணத்துல தண்ணி கெடக்குது, வாடா"ன்னார். அந்த வருஷம் பி.ஏ.பி. வாய்க்கால்ல தண்ணி விட்டிருந்தாங்க. வாய்க்கால்ல தண்ணி ஓடினா சுத்துவட்டாரக் கிணத்துல ஊத்து ஏறும். எழுபது வயசு தாண்டின மனுஷன், டிராக்டர் டியூப்ல கயிறு கட்டி என் இடுப்புல மாட்டி, கிணத்துப் படியில உட்கார்ந்துக்கிட்டார். அவர் காலத்துல சுரைக்குடுக்கையாம். நான் கையையும் காலையும் வெறி பிடிச்சவன் மாதிரி அடிச்சேன்.

"ஏண்டா கண்ணு தண்ணிகூட சண்டை போடறே? அது உன்னையவிடப் பெருசு. மல்லாக்கப் படு, அதே தூக்கும்."

மல்லாந்து மிதக்கறதுக்கே ரெண்டு ஞாயிறு ஆச்சு. அப்புறம் டியூப் போச்சு. கிணத்தை ஒரு சுத்து, ரெண்டு சுத்து, பத்து சுத்து. ஜூலை கடைசியில பத்து நிமிஷம் கால் ஊனாம மிதக்க முடிஞ்சுது. அன்னைக்குத்தான் அம்மாகிட்ட இன்டர்வியூ பொய்யைச் சொன்னேன். அழுதாங்கன்னு சொன்னேனே, அது அப்போ.

ஆகஸ்ட்ல திரும்பப் போனேன். இந்தத் தடவை உடம்புல ராஷ் கார்டு. கையில ஒரு தையல் ஓடி ரிஜெக்ட் ஆன பீஸ், பையர் லேபிளை வெட்டிட்டு சூப்பர்வைசர் அண்ணனே கொடுத்தார். "ஏறி நின்னுட்டு வந்து சொல்லு கண்ணு, தையல் தாங்குச்சான்னு."

சும்மா சொல்லக் கூடாது, துணி விஷயத்துல நமக்கு அதிர்ஷ்டம். இங்கிலாந்துல பிரைட்டன்னு ஒரு கடற்கரை. மணலே இல்ல, முழுக்கக் கூழாங்கல். அந்த மாதிரிக் கரையில குளிர்காலத்துல அலை ஏறறவங்க 5 மில்லிமீட்டர் கனத்துக்கு நியோப்ரீன்ங்கற ரப்பர் நுரையில தைச்ச சூட், அதுக்கு மேல கிளவுஸ், பூட்ஸ், தலைக்கு முக்காடு எல்லாம் மாட்டிக்கிட்டுத்தான் இறங்கணும். சூட்டுக்குள்ள கொஞ்சூண்டு தண்ணி புகுந்து, அதை உடம்புச் சூடு வெதுவெதுப்பாக்கி வச்சுக்கும், அதான் டெக்னிக். 1950-கள்ல சான் ஃபிரான்சிஸ்கோவில ஜாக் ஓ'நீல்னு ஒருத்தர் இதைப் பிரபலமாக்கினார். அது இல்லாம குளிர்தண்ணியில விழுந்தா மூச்சு தானா திணறும். கல்லுல நடக்கறதே ஒரு தவம், பெரிய தண்ணி நேரத்துல அலை வேற கரையோரமா வந்து தடால்னு கொட்டுமாம். நம்ம வங்காள விரிகுடா கிட்டத்தட்ட 28 டிகிரி. வெந்நீர் போட்டு வச்ச மாதிரி. நமக்கு எதிரி வெயில்தான். முழுக்கை ராஷ் கார்டு அதுக்கும் சேர்த்துத்தான்.

போற நேரம் முக்கியம். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் காலையில நிலத்துல இருந்து கடலைப் பார்த்துக் காத்து வீசும். அலையோட முகத்தை இஸ்திரி போட்ட மாதிரி வழவழன்னு வச்சிருக்கும். மதியம் கடல் காத்து திரும்பினா எல்லாம் கசங்கிடும். அக்டோபர்ல இருந்து வடகிழக்குப் பருவமழை, புயல் சீசன். அப்போ புதுசா கத்துக்கறவங்களுக்கு அங்க வேலையே இல்ல. சனி, ஞாயிறு கூட்டம் அள்ளும். ஒரு வேலைநாள்ல காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்க. நீங்க, கோச், தூரத்துல திரும்பி வர்ற மீன் போட்டு, அவ்வளவுதான். போட்டு கரை ஏறும்போது மட்டும் வழியில நிக்காதீங்க. அது அவங்க ஆபீஸ்.

கோச் அண்ணனுக்கு என்னை ஞாபகம் இருந்துச்சு. "பாக்கி கிளாஸா?"ன்னு கேட்டார். முதல்ல பத்தடி நீந்திக் காட்டினேன், அப்புறம் கேக்காமலே இன்னும் இருபதடி. உடனே பலகையைக் கொடுத்துடல. கரையில உட்கார வச்சு கால் மணி நேரம் கடலைப் பார்க்கச் சொன்னார். நான் அலையைப் பார்த்தேன், அவர் அலை இல்லாத இடத்தைக் காட்டினார்.

"அங்க பாரு. ரெண்டு பக்கமும் நுரை உடையுது. நடுவுல மட்டும் சாதுவா இருக்கு. எங்க இறங்குவ?"

"சாதுவா இருக்கற இடத்துல."

"செத்த."

இது உங்க உயிர் சமாச்சாரம், கவனமாப் படிங்க. கரைக்கு அடிச்ச அத்தனை தண்ணியும் திரும்பி உள்ள போக ஒரு வழி வேணும்ல? அந்த வழிதான் அந்த சாது இடம். அங்க தரை கொஞ்சம் ஆழமா இருக்கும், அதனால அலை உடையாது, பார்க்க அமைதியா இருக்கும். ஆனா அது ஆத்து ஓட்டம் மாதிரி உள்ள இழுத்துட்டுப் போகும். மாட்டிக்கிட்டா கரையைப் பார்த்து நீந்தி ஜெயிக்கவே முடியாது, களைச்சுத்தான் மூழ்குவீங்க. மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கிக்கணும், அப்புறம் கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி, நுரை உடையற இடத்துக்கு வந்துட்டா அலையே கொண்டுவந்து விடும். அந்த ஓட்டம் ஆளைக் கீழ இழுக்காது, வெளிய மட்டும்தான் இழுக்கும். கைகாட்டி உதவி கேக்கறதுல வெக்கம் வேண்டாம். மெரினாவில குளிக்கக் கூடாதுன்னு போலீஸ் விரட்டுதேன்னு கோபப்படறோமே, அங்க தரை சடார்னு ஆழமாகும், இழுப்பும் ஜாஸ்தி. கிணத்துல கத்த நீச்சல் மட்டும் அங்க போதாது.

அப்புறம் தண்ணிக்குள்ள. அலை தனித்தனியா வராது, கூட்டமா வரும், நாலஞ்சு வந்துட்டு கொஞ்சம் இடைவெளி விடும். அந்த இடைவெளியில உள்ள போகணும். அலைக்கும் உடம்புக்கும் நடுவுல பலகையைக் குறுக்கே வச்சீங்கன்னா அது நெஞ்சுல வந்து இடிக்கும், பக்கத்துல வச்சு இழுத்துக்கிட்டுப் போங்க. விழும்போது தலைகுப்புற டைவ் அடிக்காதீங்க, தட்டையா விழுங்க, தலையைக் கையால மூடிக்கிட்டு மேல வாங்க. புதுசா வர்றவங்களுக்கு வெள்ளை நுரைதான், அதாவது ஏற்கெனவே உடைஞ்சு வர்ற அலை. அதுல நாலஞ்சு செஷன் நின்னு பழகினவங்க, கொஞ்சம் தள்ளி, இன்னும் உடையாத பச்சை அலைக்குப் போவாங்க. பாறை முனைப் பக்கம் அலை ஒரே பக்கமா வரிசையா உடைஞ்சுக்கிட்டே போகும், அங்க போறது அவங்கதான். அங்க ஒரு ரூல்: அலை முதல்ல உடையற இடத்துக்கு யார் பக்கத்துல இருக்காங்களோ அலை அவங்களோடது. குறுக்க பூந்தா திட்டு நிச்சயம், கடலோர பாஷையில.

நான் எத்தனை தடவை விழுந்தேன்னு கேக்காதீங்க. கையை ஊனினதுமே விழுந்தேன். முட்டி போட்டு விழுந்தேன். எழுந்து நின்னு காலைக் குனிஞ்சு பார்த்து விழுந்தேன். ஒவ்வொரு தடவையும் உள்ள போய், மேல எதுன்னு தெரியாத அந்த ரெண்டு செகண்ட் வந்துச்சு. ஆனா இப்போ கையை அடிக்கல. அப்புச்சி கிணத்துப் படியில உட்கார்ந்திருக்கற மாதிரி நினைச்சுக்கிட்டு சும்மா இருந்தேன். தண்ணியே மேல கொண்டு வந்துச்சு.

பதினொண்ணோ பன்னெண்டோ. பின்னாடி நுரைச் சத்தம் வருது, தறிச் சத்தம் மாதிரியே. பலகை வாலைத் தூக்குச்சு. கோச் கத்தறார்: "எந்திரி தம்பி... எந்திரி!" கையை ஊனினேன், துள்ளினேன், கரையில இருந்த மாதா கோயிலைப் பார்த்தேன். நிக்கறேன். நெஜமா நிக்கறேன். பலகைக்குக் கீழ கடல் ஓடுது, நான் ஓடல. ஒரு அஞ்சு செகண்ட் இருக்குமா? அதுக்குள்ள கையைத் தூக்கி ஸ்டைல் பண்ணப் போய், தொபுக்கடீர்.

அன்னைக்கு பக்கத்துல ஒரு பொண்ணு, பள்ளிக்கூடம் படிக்கற வயசு, உள்ளூர்ப் பொண்ணு. நான் ஒரு நுரையில நிக்கறதுக்குள்ள அவ மூணு பச்சை அலையில வளைஞ்சு வளைஞ்சு வந்துட்டா. பக்கத்து ஊர் மாமல்லபுரத்துல ஸ்கேட்போர்டுல ஆரம்பிச்சு அலைக்கு வந்து தேசியப் பட்டம் ஜெயிச்ச கமலி மூர்த்தி மாதிரி ஆளுங்களைப் பார்த்து வளர்ற பிள்ளைங்க. அதே மாமல்லபுரத்துலதான் 2025 ஆகஸ்ட்ல ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்துச்சு. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார், அந்தப் போட்டியில தனிநபர் பதக்கம் வாங்கின முதல் இந்தியர். ஊர்ல நெட்ல அதைப் பார்த்துக்கிட்டிருந்தப்போ அம்மா பின்னாடி நின்னு, "இந்த அலையிலயா சாமி நீ நின்னே?"ன்னு கேட்டாங்க. "இல்லம்மா, இதுல கால்வாசி"ன்னேன். எட்டுல ஒரு பங்குகூட இருக்காது, அது வேற விஷயம்.

நிக்கப் பழகினதுக்கு அப்புறம் அமைதியான இடமா வேணும்னா தூத்துக்குடி மாவட்டத்துல மணப்பாடு இருக்கு. கடலுக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கற மணல்குன்று, மேல சிலுவைக் கோயில், கீழ நீளமா ஓடற அலை. ஆனா அது கத்துக்கற இடம் இல்ல. தெரிஞ்சவங்களோட, உள்ளூர் மீனவர்கள்கிட்ட கேட்டுட்டு இறங்கற இடம். நான் இன்னும் போகல. கிணறு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு.

திங்கக்கிழமை காலையில திருப்பூர்ல இறங்கி நேரா கம்பெனிக்குப் போய் ராஷ் கார்டைக் காட்டினேன். கையில ஓடியிருந்த அந்தத் தையல் இன்னும் ஒரு இஞ்ச் விட்டிருந்துச்சு. சூப்பர்வைசர் அண்ணன் ரெண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துட்டு, ஃப்ளாட்லாக் மெஷின்ல போட்டு ஒரே ஓட்டுல அடிச்சுக் கொடுத்தார். சாயங்காலம் மாமன் தோட்டத்துக்குப் போனேன். அப்புச்சி கயித்துக் கட்டில்ல உட்கார்ந்திருந்தார்.

"நின்னயா?"

"நின்னேன் அப்புச்சி. அஞ்சு செகண்டு."

"தண்ணி எப்படி இருந்துச்சு?"

"உப்பு."

கொஞ்ச நேரம் யோசிச்சார். அவர் கடலைப் பார்த்ததே இல்லைன்னு அப்போதான் எனக்கு உறைச்சுது.

"அடுத்த தடவை டிக்கெட் போடறப்போ சொல்லுடா"ன்னார்.